உடன்படுதலும் ஒரு வினையே

செய்தல், செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையே என்பதை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். இம்மூன்றும் மனம், மொழி, மெய் ஆகியவற்றோடு பெருக 9 ஆகும். எண்ணுதல், ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என்னும் மூன்று படிகளோடு பெருக 27 ஆகும். வெகுளி, செருக்கு, வஞ்சம், பற்று என்னும் நான்கு கஷாயங்களோடு பெருக 108 ஆகும். தத்துவார்த்த சூத்திரம் தரும் கணக்கு இது. செபமாலையில் 108 மணிகள் இருப்பதற்குப் பெரியோர் கூறும் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இந்த 108 மணிகளுள் நாம் தேர்தலில் அளிக்கும் வாக்கு எந்த மணியைச் சேர்ந்தது? இவ்வினா சில காலமாக எம் உள்ளத்தை அரித்து வருகிறது. வாக்குச்சாவடியில் பொத்தானை அழுத்துபவர் எவ்வுயிரையும் துன்புறுத்துவதில்லை. எவரிடமும் ‘இதனைச் செய்’ என்று ஏவுவதும் இல்லை. ஆயினும் தம்மால் தேர்ந்தெடுக்கப்படுபவர் நாளை செய்ய இருப்பனவற்றிற்கு அவர் இன்றே உடன்படுகிறார். நல்லது விளையின் அதில் அவருக்குப் பங்குண்டு எனில், தீயது விளையினும் பங்குண்டு என்றே கொள்ள வேண்டும். எனவே வாக்கு உடன்படுதல் என்னும் வகையைச் சேர்ந்தது என்று முதலில் எண்ணினோம். பின்னர் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி, அது உடன்படுதலோடு நில்லாமல் செய்வித்தலும் ஆகும் என்பதை எமக்கு உணர்த்திற்று. அதனையே இங்கு அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

வாக்குகளின் ஆண்டு

2024-ஆம் ஆண்டு உலக வரலாற்றில் மிகப் பெரிய தேர்தல் ஆண்டு. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நாடு தழுவிய தேர்தல்கள் நடைபெற்றன. அந்நாடுகளில் வாழ்வோர் மனிதகுலத்தில் ஏறத்தாழப் பாதிப் பேர். ஜனவரியில் வங்கதேசமும் தைவானும், பிப்ரவரியில் பாகிஸ்தானும் இந்தோனேசியாவும், மார்ச்சில் ரஷ்யாவும், மே மாதத்தில் தென்னாப்பிரிக்காவும், ஜூனில் மெக்சிகோவும், ஜூலையில் பிரிட்டனும், நவம்பரில் அமெரிக்காவும் வாக்களித்தன. நம் அண்டை நாடான இலங்கை செப்டம்பரில் அதிபரையும் நவம்பரில் நாடாளுமன்றத்தையும் தேர்ந்தெடுத்தது. இவை அனைத்திலும் வாக்குக்கு ஒரே மதிப்பு இருந்தது என்று சொல்வதற்கில்லை. வங்கதேசத்தில் ஜனவரி 7-ஆம் நாள் நடந்த தேர்தலில் வென்ற அரசு ஆகஸ்டு 5-ஆம் நாள் வீழ்ந்தது. வாக்கு எண்ணிக்கை முடிந்தவுடன் மக்களின் தீர்ப்பு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு அதுவே சான்று.

நம் நாட்டில் 18-ஆவது மக்களவைக்கான தேர்தல் ஏப்ரல் 19 முதல் ஜூன் 1 வரை ஏழு கட்டங்களாக நடைபெற்றது. வாக்காளர் பட்டியலில் ஏறத்தாழ 97 கோடிப் பேர் இடம்பெற்றிருந்தனர். 64 கோடிக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். குஜராத்தின் கிர் காட்டினுள் பானேஜ் என்னும் இடத்தில் கோயில் பூசகர் ஒருவருக்காகவே தனி வாக்குச்சாவடி அமைக்கப்பட்டது. அந்த ஒற்றை வாக்கைப் பெற அலுவலர்கள் சிங்கங்கள் உலவும் காட்டின் வழியே இயந்திரத்தைச் சுமந்து சென்றனர். ஒரு மனிதரின் குரலுக்கு இத்துணை மதிப்பளிக்கும் ஏற்பாட்டை நாம் வணங்கத்தான் வேண்டும். ஆனால், அக்காட்டில் அவரைச் சூழ்ந்து வாழும் ஆயிரமாயிரம் உயிர்களுள் வேறு எதற்கும் பட்டியலில் பெயரில்லை. நாட்டின் சட்டங்கள் அவ்வுயிர்களையும் ஆள்கின்றன. காடு எதுவரை, சாலை எங்கே, சுரங்கம் எங்கே என்பவை அவற்றின் வாழ்வையும் சாவையும் முடிவு செய்கின்றன. பேசத் தெரிந்த ஓர் உயிரினம் பேசத் தெரியாத உயிரினங்கள் அனைத்துக்கும் சேர்த்து வாக்களிக்கிறது. இந்நிலையில் நம் கையிலுள்ள வாக்கு நமக்கு மட்டும் உரியதன்று. பிறர் பொருளைப் பாதுகாக்க நம்மிடம் ஒப்படைத்தது போன்றது.

‘அவ்வாறாயின் வாக்களியாது இருந்துவிட்டால் வினை சேராதன்றோ?’ எனச் சிலர் வினவலாம். ஒதுங்கி நின்ற ஏறத்தாழ 33 கோடிப் பேரையும் அதே அரசுதான் ஆள்கிறது. அவ்வரசு அமைக்கும் சாலையில் அவர்களும் செல்கின்றனர். பயனைத் துய்த்துப் பொறுப்பை மறுத்தல் உடன்படாமை ஆகாது. எவரையும் ஏற்க இயலாதவர் அதனையும் பதிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013-ஆம் ஆண்டிலேயே வழிகாட்டிவிட்டது. ஆதலின் ஒதுங்குதல் என்னும் வாயில் நமக்கு இல்லை.

ஒருமனதான தீர்மானம்

இனி எம்மைப் பற்றிக் கூறுகிறோம். 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிகள் குறித்து ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றிகளைச் சுடுதல் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை அவற்றைப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் விளைநிலங்களில் புகும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்பது அதன் சாரம். பயிரிழந்த உழவர்கள் பல ஆண்டுகளாக விடுத்த வேண்டுகோளின் பேரில் வந்த முடிவு அது.

கொல்லாமையை உயிரெனக் கொண்ட நம்மவர்க்கு அச்செய்தி எத்துணை வருத்தம் தந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எம் ஊர்ச் சபையின் கூட்டத்தில், அம்முடிவைக் கைவிடுமாறு அரசை வேண்டும் தீர்மானம் ஒன்று முன்மொழியப்பட்டது. கூடியிருந்தோர் நாற்பதுக்கு மேற்பட்டவர். அனைவர் கைகளும் உயர்ந்தன. எம் கையும் உயர்ந்தது. ‘ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்று குறிப்பேட்டில் எழுதினர். அனைத்தும் சில நிமிடங்களில் முடிந்தன. தமிழகத்தில் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக உழுதுண்டு வாழ்ந்தவர்கள். எம் சபையிலோ நிலத்தை விற்று நகருக்கு வந்தவர்களே மிகுதி. அன்று கை உயர்த்தியவருள் ஏர் பிடிப்பவர் ஒருவரும் இல்லை. அதனை அப்போது யாம் எண்ணிப் பார்க்கவில்லை.

செண்பகத்தோப்பில் கேட்ட வினா

அவ்வாண்டு மாசி மாதத்தில் நண்பர் இல்லத் திருமணம் ஒன்றிற்காகத் திருவில்லிபுத்தூர் சென்றிருந்தோம். மறுநாள் காலையில் நகருக்கு மேற்கே மலையடிவாரத்திலுள்ள செண்பகத்தோப்பைக் காணச் சென்றோம். திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் மேற்கே சுவர்போல எழுந்து நிற்கும் தொடர்ச்சி மலையின் அடியில், தென்னையும் மாவும் புளியும் செறிந்த தோப்புகள் காட்டின் எல்லையைத் தொட்டுக் கிடக்கின்றன. மா மரங்கள் பூத்திருந்த காலம் அது. இம்மலைப்பகுதி 1988-ஆம் ஆண்டில் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 485 சதுர கிலோமீட்டர். 2021 பிப்ரவரியில் மேகமலையோடு இணைத்துப் புலிகள் காப்பகமாகவும் ஆக்கப்பட்டது. தேனெடுத்தும் காட்டுப் பொருள் சேகரித்தும் வாழ்ந்து வந்த பளியர் மக்களின் குடியிருப்பு செண்பகத்தோப்பில் உண்டு. அவர்களும் வாக்காளர்களே. விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த இப்பகுதி மக்களவைத் தேர்தலில் தென்காசித் தொகுதியில் அடங்கும்.

அந்த அணில் நம் வீட்டு அணிலைப் போலச் சிறியதன்று. பூனையளவு உடலும் நீண்ட வாலும் உடையது. மரக்கிளைகள் ஒன்றோடொன்று பின்னிய இடத்தில் கூடு கட்டும். தரையில் இறங்குவது அரிது. ஒரு மரத்தின் கிளையிலிருந்து அடுத்த மரத்தின் கிளைக்குத் தாவியே வாழும். ஆதலின் நடுவே ஒரு மரம் வெட்டப்பட்டால் அதற்குப் பாதை அறுந்ததற்கு ஒப்பாகும். அரசு வரைந்த எல்லைக்கோடு அதற்குத் தெரியாது. காட்டிலிருந்து தனியார் தோப்புக்கும், தோப்பிலிருந்து காட்டுக்கும் அது சென்று வருகிறது. அதன் வாழ்வு சட்டத்தால் மட்டுமன்று, தோப்புக்காரர் ஒருவர் தம் மரத்தை வெட்டாது விடுவதாலும் நடக்கிறது.

அத்தகைய தோப்பொன்றில் வாய்க்கால் ஓரமாக நின்றிருந்த முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். எம் ஊரையும் நாம் இன்னார் என்பதையும் கேட்டறிந்தார். பேச்சு பன்றியின் பக்கம் திரும்பியபோது, எம் சபையின் தீர்மானத்தைச் சற்றுப் பெருமையோடு அவரிடம் எடுத்துரைத்தோம்.

“நல்ல காரியந்தான் ஐயா,” என்றார் அவர். “நானும் சுடச் சொல்லல. இந்தத் தோப்பு காட்டு எல்லையில இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள கிடக்கு. அந்த உத்தரவு இங்க செல்லவும் செல்லாது. தென்னங்கன்னு வச்சா பன்னி தோண்டிருது. பெரிய மரத்த ஆனை சாய்ச்சிருது. அணிலு பாவம், ஏதோ கொறிச்சிட்டுப் போகும். அதை நான் வெரட்டுறது இல்ல.”

“இழப்பீடு கிடைக்கிறதல்லவா, பெரியவரே?” என்றோம்.

“வாங்கியிருக்கேன். துட்டு வரும் ஐயா. மரம் வளந்த வருசம் திரும்பி வருமா?” சற்று நேரம் மலையைப் பார்த்திருந்துவிட்டு அவரே தொடர்ந்தார்: “சுடாதேன்னு சொல்றதுக்கு நாப்பது பேரு கை தூக்குனீக. நட்டத்துல பங்கு எடுக்க ஒரு கையாவது நீண்டுச்சா?”

அவர் சினந்து கேட்கவில்லை. எமக்கு விடை தெரியும் என்று எண்ணியே கேட்டார். எம்மிடமோ விடை இல்லை. பின்னர் அவர் எமக்கு இளநீர் வெட்டித் தந்தார். விலை பெற மறுத்துவிட்டார். அந்த இளநீரும் அவருடைய நட்டக் கணக்கிலேயே சேர்ந்தது.

நாடுகள் அளித்த விடைகள்

ஊர் திரும்பிய பின்னர், 2024-ஆம் ஆண்டில் உலகில் நடந்த பொதுவாக்கெடுப்புகளை இம்முதியவரின் வினாவோடு ஒப்பிட்டு நோக்கினோம். தேர்தலில் ஒருவரைத் தேர்கிறோம். பொதுவாக்கெடுப்பில் ஒரு செயலையே தேர்கிறோம். ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று நேராக விடை கூறுவதால், அங்கே பொறுப்பைப் பிரதிநிதியின்மேல் ஏற்றிவிட்டுத் தப்ப இயலாது.

சுவிட்சர்லாந்து நாட்டில் 2024 செப்டம்பர் 22-ஆம் நாள், பல்லுயிர்ப் பாதுகாப்பிற்கு மேலும் நிலமும் நிதியும் ஒதுக்க வேண்டுமா என்று மக்களைக் கேட்டனர். ஏறத்தாழ 63 விழுக்காட்டினர் ‘இல்லை’ என்றனர். எதிர்த்தவருள் முன்னின்றது அந்நாட்டு உழவர் சங்கம். விளைநிலம் குறையும் என்பது அவர்களது அச்சம். பிற உயிர்கள்பால் இரக்கமற்றவர்கள் என்று அவர்களைப் பழிப்பது எளிது. ஆயினும் நம் மலையடிவார முதியவரின் குரலே அங்கும் ஒலித்ததாக எமக்குத் தோன்றியது.

அதற்கு முந்திய ஆண்டு தென்னமெரிக்காவின் ஈக்வடார் நாட்டில் நடந்தது இதற்கு நேர்மாறானது. இயற்கைக்கு உரிமையுண்டு என்று 2008-ஆம் ஆண்டிலேயே தன் அரசியலமைப்பில் எழுதிய நாடு அது. 2023 ஆகஸ்டு 20-ஆம் நாள், யாசுனி என்னும் காட்டின் ஒரு பகுதியில் எண்ணெய் எடுப்பதை நிறுத்த ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் வாக்களித்தனர். உயிர்களுக்குக் கிடைத்த பெருவெற்றி என்று உலகம் போற்றியது. அது போற்றத்தக்கதே. ஆயின் யாசுனி அமைந்துள்ள ஒரேயானா மாகாணத்தில் எண்ணெய் எடுப்பது தொடர வேண்டும் என்றே பெரும்பாலோர் வாக்களித்தனர். எண்ணெயால் கூலி பெற்றவர்கள் அங்கிருந்தனர். நிறுத்துவதற்கு ஓராண்டுக் கெடு விதிக்கப்பட்டிருந்தது. 2024 ஆகஸ்டில் கெடு முடிந்தபோது, 200-க்கும் மேற்பட்ட கிணறுகளுள் முதல் கிணற்றை மூடும் வேலை அப்போதுதான் தொடங்கியது. எண்ணெயால் வரும் வருவாயை இழந்தால் அந்த இழப்பை எவர் ஏற்பது என்னும் வினாவுக்கு வாக்குச்சீட்டில் இடமில்லை. அவ்வினா வாக்கு எண்ணி முடிந்த பின்னரும் காத்துக்கொண்டே நின்றது.

ஐரோப்பாவின் கிழக்கே உள்ள மால்டோவா என்னும் சிறு நாட்டில் 2024 அக்டோபர் 20-ஆம் நாள், ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதை அரசியலமைப்பில் குறிக்கோளாக எழுதலாமா என்று கேட்டனர். ‘ஆம்’ என்றோர் 50.35 விழுக்காடு, வேறுபாடு ஏறத்தாழ 10,500 வாக்குகள். நாட்டினுள் வாழ்வோரின் வாக்குகளை மட்டும் எண்ணினால் ‘இல்லை’ என்பதே மிகுதி. வெளிநாடுகளில் வாழும் அந்நாட்டு மக்களின் வாக்குகளே முடிவை மாற்றின. அவர்களும் குடிமக்களே, அயலகத்தில் உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்களே. ஆயினும் முடிவின் வெயிலிலும் மழையிலும் நாள்தோறும் நிற்கப்போகிறவர்கள் ஒரு பக்கமும், தொலைவிலிருந்து நன்மை விரும்புகிறவர்கள் மறுபக்கமும் நின்றனர்.

மூன்று நாடுகளிலும் வெவ்வேறு பொருள்கள், வெவ்வேறு முடிவுகள். ஆனால் மூன்றிலும் ஒரே பிளவு. விரும்புகிறவர் ஒருவர், சுமக்கிறவர் மற்றொருவர். இவ்விருவரும் ஒருவரே ஆகும்போது மட்டும் வாக்கு தூய்மையாகிறது.

நியாம்கிரி மலையில்

அவ்வாறு இருவரும் ஒருவரேயான நிகழ்ச்சி நம் நாட்டிலேயே நடந்துள்ளது. ஒடிசாவிலுள்ள நியாம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் தோண்டத் திட்டமிட்டிருந்தனர். அம்மலையைத் தெய்வமாக வழிபடும் தோங்கிரியா கோந்து முதலிய மக்களின் உரிமை குறித்த வழக்கில், 2013 ஏப்ரல் 18-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி அவ்வூர்களின் கிராம சபைகளே முடிவு கூற வேண்டும் என்பது தீர்ப்பு. அவ்வாண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும் 12 சிற்றூர்களில் கிராம சபைகள் கூடின. மலைப்பகுதியின் மழைக்காலத்தில் மாவட்ட நீதிபதி ஒருவர் முன்னிலையில் மக்கள் தம் கருத்தைக் கூறினர். 12 ஊர்களும் சுரங்கம் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய அரசு திட்டத்திற்கு அனுமதி மறுத்தது.

அங்கே கூடியவர்கள் சுரங்கம் தரும் கூலியையும் சாலையையும் தாமே துறந்தனர். அம்மலையில் வாழும் பிற உயிர்களுக்குக் கிடைத்த காவலுக்கு அவர்கள் தம் கையிலிருந்தே விலை கொடுத்தனர். எண்ணிக்கையில் அவர்கள் மிகச் சிலர். ஆயினும் எம் நோக்கில், கோடிக்கணக்கானோர் வாக்களித்த பல தேர்தல்களினும் அவ்வாக்கு எடை மிக்கது.

ஒரு தடையும் விடையும்

இங்கே ஒரு தடை எழும். ‘சுமப்பவரே முடிவு செய்ய வேண்டும் எனில், பன்றிக்கும் அணிலுக்கும் பரிந்து பேச யார் இருப்பர்? நட்டமடைந்தவர் கொல்லத்தானே சொல்வர்? வாயில்லாத உயிர்களுக்காகத் தொலைவிலுள்ளவர் குரல் கொடுப்பதில் பிழை என்ன?’ என்பர் சிலர். இத்தடை வலிமையுடையது. உயிர்கள்பால் இரக்கம் காட்டுவது குடிமக்கள் அனைவரின் கடமை என்று நம் அரசியலமைப்பின் 51-அ பிரிவும் கூறுகிறது. இரக்கத்திற்கு ஊர் எல்லை இல்லை. மேலும், சுமப்பவர்க்கே வாக்கு என்று சட்டம் செய்தால், சுமப்பவர் யார் என்பதை அளக்கும் கோலை வலியவர் கைப்பற்றுவர். ஆகவே எவருடைய வாக்கையும் பறிக்க வேண்டும் என்று யாம் கூறவில்லை. பன்றியைச் சுடலாம் என்றும் கூறவில்லை. கொலைக்கு உடன்படுதல் என்றும் நமக்கு ஒவ்வாது.

யாம் கூறுவது வேறு. இல்லறத்தார் ஏற்கும் விரதங்களை எண்ணிப் பாருங்கள். உடைமைக்கு அளவு, செல்லும் திசைக்கு அளவு, நுகர்பொருளுக்கு அளவு என ஒவ்வோர் அளவையும் நாம் நமக்கே வரைந்துகொள்கிறோம். விரதம் என்பது தன்மேல் தான் விதித்துக்கொள்வது. வாக்கோ பிறர்மேலும் விதிப்பது. அதனாலேயே அது உடன்படுதலோடு நில்லாமல் செய்வித்தலும் ஆகிறது. ‘சுடாதே’ என்று கை உயர்த்தியபோது, செண்பகத்தோப்பிலும் அது போன்ற நூறு அடிவாரங்களிலும் உள்ளவர்களை இழப்பை ஏற்கச் செய்தோம். அயலாரைப் பட்டினி கிடக்கச் செய்துவிட்டு, நாம் நோன்பு நோற்றதாக எழுதிக்கொள்ள இயலுமோ?

அத்துடன் கஷாயங்களின் கணக்கும் உண்டு. அன்று எம் கை உயர்ந்தபோது உள்ளத்தில் இரக்கம் இருந்தது உண்மை. அதனோடு செருக்கும் இருந்தது. செலவில்லாமல் நல்லவராக விளங்கும் இன்பம் அது. நம் பணப்பையைத் தொடாத அறம் நம் நெஞ்சையும் தொடுவதில்லை. அதனால்தான் அத்தீர்மானம் அத்துணை விரைவில், ஒரு மாற்றுச் சொல்லும் இன்றி நிறைவேறியது.

கணக்குக் காட்டல்

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைத் தமிழர் அனைவரும் அறிவர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அவை, ஊர் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும் அவர் உறவினர் பெயரும் ஓலையில் எழுதப்படலாகாது என்பது அவற்றுள் ஒரு விதி. அக்காலத் தகுதிகளுள் பல இக்காலத்துக்கு ஏலாதவை. இவ்வொரு விதி மட்டும் ஏற்கும். அதனை இன்னும் ஒரு படி நீட்டவும் வேண்டும். தேர்ந்தெடுக்கப்படுபவர் மட்டுமன்று, தேர்ந்தெடுப்பவரும் கணக்குக் காட்ட வேண்டும். ஊருக்கன்று, தம் உள்ளத்திற்கு. ‘இவ்வாக்கால் நான் விரும்பும் நன்மை யாது? அதன் செலவை ஏற்பவர் எவர்? அதில் என் பங்கு எவ்வளவு?’ என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை எழுதிய பின்னரே விரல் பொத்தானைத் தொட வேண்டும். மறைவான வாக்கு முறையில் நம்மைக் கேட்பார் எவருமில்லை. கேட்பார் இல்லாத இடத்தில்தான் நம் கணக்கு மெய்யாகிறது.

அடுத்து வந்த கூட்டத்தில் செண்பகத்தோப்பு முதியவரின் வினாவை அவையினர் முன் வைத்தோம். தீர்மானத்தை அரசுக்கு அனுப்புமுன், கை உயர்த்தியவர் ஒவ்வொருவரும் மலையடிவார உழவர் ஒருவருக்கு ஒரு தென்னங்கன்றும், அது காய்க்கும் வரை ஆகும் பராமரிப்புச் செலவும் ஏற்க வேண்டும் என்று முன்மொழிந்தோம். அவை சற்று நேரம் அமைதியாக இருந்தது. அவ்வளவு செலவு தம்மால் இயலாது என்று வெளிப்படையாகக் கூறியவர் சிலர், அவர்களை மதிக்கிறோம். இஃது அரசின் வேலை என்றனர் சிலர். பன்றிக்கும் தென்னைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டவரும் உண்டு. இறுதியில் 17 கைகள் உயர்ந்தன.

அந்த 17 பேர் ஒப்பமிட்ட விண்ணப்பமே அரசுக்கு அனுப்பப்பட்டது. கொல்லாமல் காக்கும் வழிகளையும், அடிவார உழவரின் இழப்பை மக்கள் அனைவரும் பகிரும் வழிகளையும் ஆராயுமாறு அது வேண்டுகிறது. ‘ஒருமனதாக’ என்னும் சொல் அதில் இல்லை. முன்னதைக் காட்டிலும் கையொப்பங்கள் குறைவு. எனினும் ஒவ்வொரு கையொப்பத்தின் பின்னும் ஒரு கன்று நிற்கிறது.

உலகில் கோடிக்கணக்கான விரல்களில் மை தோய்ந்த ஓர் ஆண்டு கடந்து சென்றது. அந்த மை சில வாரங்களில் அழிந்துவிட்டது. நாம் உடன்பட்டவையும் செய்வித்தவையும் அழியாமல் நிற்கின்றன. அடுத்த முறை விரலை நீட்டுமுன், பட்டியலில் பெயரில்லாத உயிர்களையும், அவற்றின் பொருட்டு இழப்பவர்களையும் ஒருங்கே நினைப்போமாக.